குளவியை நிறுத்து, காற்றை விடு!

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது கோடைக்காலம். மரத்தடியில் ஒரு பெரிய வண்டி நிற்கிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை, ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. அங்கே இதை ஆர்.வி. என்று சொல்வார்கள். சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பள்ளி விடுமுறை வந்தால் பல குடும்பங்கள் இதில் ஏறி வாரக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

வண்டியின் பக்கச் சுவரில், கிட்டத்தட்ட நம் முழங்கால் உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் கிராதி இருக்கிறது. அதை நோக்கி ஒரு குளவி பறந்து வருகிறது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால்கள், நூல் போல் மெலிந்த இடுப்பு. வாயில் பட்டாணியைவிடச் சிறிய ஈரமண் உருண்டை. கிராதியின் இடுக்கு வழியே உள்ளே போய், மண்ணைச் சுவரில் அப்பி, "ங்ஙீ" என்று ரீங்கரித்தபடி அதைத் தேய்க்கிறது. உடம்பு அதிர அதிர மண் குழைந்து படிகிறது. பிறகு அடுத்த உருண்டைக்காக ஈரமண் இருக்கும் இடத்துக்குப் பறக்கிறது.

இப்படிக் கட்டிய மண் அறைக்குள் அது சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடுக்கும். ஒரு முட்டை இட்டுவிட்டு வாயை மண்ணால் பூசிவிடும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்தச் சிலந்திகள்தான் சாப்பாடு. நம் வீட்டு ஜன்னல் மூலையிலும் இந்த மண்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மண்குளவி ஒன்றின் அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். அமெரிக்கக் குளவியும் அதே ஸ்கெலிஃப்ரான் பேரினம்தான்.

குளவிக்கு அது நல்ல இடம். வெயில் படாது, மழை நனைக்காது. ஆனால் கிராதிக்குப் பின்னால் இருப்பது அந்தக் குடும்பத்தின் ஃபிரிட்ஜ். கூடுகள் பெருகினால் பால் திரியும், ஐஸ் உருகும், சில சமயம் அதைவிடப் பெரிய ஆபத்தும் வரும்.

"கிராதியைத் துணியால் மூடிவிட்டால் போயிற்று!" என்று யாராவது சொல்லலாம். மூடினால் குளவி வராது, உண்மைதான். ஆனால் ஃபிரிட்ஜும் குளிராது. ஏன் என்று பார்ப்போம்.

நெருப்பால் குளிரும் பெட்டி

வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் "உர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது கம்ப்ரசர் ஓடும் சத்தம். பல ஆர்.வி. வண்டிகளில் உள்ள ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அடியில் ஒரு சின்ன கேஸ் பர்னர் எரியும், அவ்வளவுதான். மின்சாரம் கிடைக்கிற இடத்தில் பர்னருக்குப் பதிலாக ஒரு மின்சூடாக்கி வேலை செய்யும்.

நெருப்பு மூட்டினால் ஐஸ் கிடைக்குமா? கிடைக்கும். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-ல் இந்த அமைப்பை உருவாக்கிக் காட்டினார்கள். ஓடுகிற, சுழல்கிற பாகம் எதுவும் இல்லாத ஃபிரிட்ஜ் என்றால் அன்றைய விஞ்ஞானிகளுக்குப் பெரிய ஆர்வம். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்கூட வேறொரு முறையில் அப்படி ஒன்றை வடிவமைத்து 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள்.

ஊசி போடும்முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது பக்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜின் ரகசியமும் இதேதான். இங்கே ஸ்பிரிட்டுக்குப் பதில் அம்மோனியா.

மூடிய எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 20 மடங்குக்கும் மேல். இனி அம்மோனியாவின் பயணத்தைப் பின்தொடருங்கள்.

முதலில் அடியில் உள்ள கொதிகலன். தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா, பர்னரின் சூட்டில் குமிழ் குமிழாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. அடுத்து, உச்சியில் தகடுகள் பொருத்திய குழாய். அங்கே ஆவி தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஃபிரிட்ஜின் உட்பக்கக் குழாய்க்கு வழிந்து, அங்கே காத்திருக்கும் ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பால், தயிர், காய்கறியின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ச்சி பிறப்பது இந்த இடத்தில்தான். கடைசியாக ஆவி கீழே இறங்கி வளைந்து வளைந்து போகும் குழாய்களில் தண்ணீரோடு மறுபடி கரைகிறது. கரையும்போதும் சூடு வெளிப்படுகிறது. பிறகு கொதிகலன், மறுபடி அதே சுற்று. மோட்டாரும் பம்பும் இல்லாமல் வெறும் சூட்டில் நடக்கும் இந்தச் சுற்று எனக்கு மிகவும் பிடித்த இயந்திரங்களில் ஒன்று.

இதில் சூடு வெளியேறும் இடங்கள் இரண்டு: உச்சியில் உள்ள தகட்டுக் குழாய், கீழே உள்ள வளைகுழாய். இரண்டுமே ஃபிரிட்ஜின் முதுகில், வண்டிச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள குறுகலான இடைவெளியில் இருக்கின்றன. பர்னரோ மின்சூடாக்கியோ கொடுத்த சூடு, காய்கறியிலிருந்து எடுத்த சூடு, இரண்டும் சேர்ந்து அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். நடுத்தரமான ஆர்.வி. ஃபிரிட்ஜ் ஒன்றின் மின்சூடாக்கி மட்டுமே சுமார் 300 வாட் இருக்கும்.

அந்தச் சூடு போகாவிட்டால் என்ன ஆகும்? 20 மடங்கு அழுத்தத்தில் அம்மோனியா திரவமாக வேண்டுமென்றால் குழாய் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆற வேண்டும். ஆறாவிட்டால் திரவம் உண்டாகாது. திரவம் இல்லையென்றால் ஆவியாக ஒன்றுமில்லை. அடியில் பர்னர் எரிந்துகொண்டே இருக்கும்; உள்ளே பால் கெட்டுப்போகும்.

காற்றின் பலம் எவ்வளவு?

அப்படியானால் அந்த இடைவெளியில் காற்றைத் தள்ளுவது யார்? பல ஃபிரிட்ஜ்களில் அங்கே விசிறியும் கிடையாது. கீழே, பக்கச் சுவரில் ஒரு கிராதி. மேலே, கூரையில் மூடி போட்ட ஒரு திறப்பு. நடுவில் சூடான குழாய்கள். சூடான காற்று இலேசாகி மேலே எழுந்து கூரை வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே குளிர்ந்த காற்று நுழையும். வீட்டுப் புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான்.

இந்த இழுப்புக்கு எவ்வளவு பலம் இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1165 கிராம். 50 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் சுமார் 1093 கிராம். வித்தியாசம் 72 கிராம். கீழ்த் திறப்புக்கும் கூரைத் திறப்புக்கும் 1.5 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 72 × 1.5 = 108. அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 100 கிராம் எடை அழுத்துகிற அளவு. அறிவியலில் இதை 1 பாஸ்கல் என்று சொல்வார்கள்.

1 பாஸ்கல் எவ்வளவு குறைவு என்று தெரிய வேண்டுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து, தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறும்வரை உறிஞ்சுங்கள். அதற்கு நீங்கள் உண்டாக்கிய அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 1000 பாஸ்கல். விளையாட்டுப் போல நீங்கள் உறிஞ்சியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பலம்தான் அந்த ஃபிரிட்ஜைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது!

இந்தப் பலவீனமான காற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராதியை அடைக்காமல், குளவியை மட்டும் தடுக்க அதில் கம்பிவலை போடுகிறவர் செய்யும் ஒவ்வொரு முடிவும் இதைப் பொறுத்ததுதான்.

வருபவர்கள் யார் யார்?

காய்ந்த இலை, விதைப் பஞ்சு, ரோட்டுத் தூசி இவை காற்றோடு வரும். கூரைத் திறப்புக்குள் சிட்டுக்குருவி வைக்கோலும் சுள்ளியும் கொண்டுவந்து கூடு கட்டும். காய்ந்த வைக்கோல், பக்கத்தில் நெருப்பு. இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே உடம்பை நெளித்துப் புகுந்துவிடும். குளவியைத்தான் பார்த்தோமே.

இவர்களில் மிகவும் சிறியவர் சிலந்தி. கேஸ் வெளிவரும் பர்னரின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே சிலந்தி நான்கு இழை நூல் கட்டினாலே போதும், கேஸும் காற்றும் சரியான அளவில் கலக்காது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகிக் கரி பிடிக்கும். அப்படி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால்தான் ஆர்.வி. வண்டிக்குள் அதைக் கண்டுபிடித்து அலறும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வைக்கிறார்கள்.

சிலந்தி நூலுக்கு இவ்வளவு சக்தியா என்று சந்தேகமாக இருக்கிறதா? 2011-ல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திருப்பி அழைத்தது. மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாய்க்குள் வலை பின்னிவிட்டது! குழாய் அடைபட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து, டேங்கே விரிசல் விடக்கூடும். பொறியாளர்கள் அந்தக் குழாய்க்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கைச் செருகினார்கள்: சுருளின் இடுக்கில் காற்று போகும், சிலந்தி போகாது என்ற யோசனை. ஆனாலும் சிலந்திகள் விடவில்லை. 2014-ல் இன்னும் சுமார் 42,000 கார்களை அழைக்க வேண்டியதாயிற்று. இம்முறை காரின் கணினி மென்பொருளை மாற்றி, அடைப்பு விழுந்தாலும் டேங்கில் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையாதபடி செய்தார்கள்.

ஆகவே தடுப்பு ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வருபவரின் அளவு என்ன, போக வேண்டிய காற்றின் பலம் என்ன என்ற இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும்.

வலைக் கணக்கு

ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சின்னக் கட்டமும் 1 மில்லிமீட்டர். வலையின் கம்பி 1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம்.

துளை 9 மில்லிமீட்டர் என்றால், துளையும் ஒரு கம்பியும் சேர்ந்து 10 மில்லிமீட்டர். 10 × 10 = 100 கட்டங்களில் 9 × 9 = 81 கட்டங்கள் திறந்திருக்கும். அதாவது 81 சதவீதம். காற்றுக்குக் கொண்டாட்டம்! குளவிக்கும் கொண்டாட்டம்தான், சுலபமாகப் புகுந்துவிடும்.

துளை 3 மில்லிமீட்டர் என்றால் 4 × 4 = 16 கட்டங்களில் 3 × 3 = 9 கட்டங்கள். சுமார் 56 சதவீதம்.

துளை 1 மில்லிமீட்டர் என்றால் 2 × 2 = 4 கட்டங்களில் ஒன்றே ஒன்று. வெறும் 25 சதவீதம்!

பார்த்தீர்களா? கம்பியின் தடிமன் மாறவே இல்லை. துளையைச் சின்னதாக்கியதும் காற்றின் வழி மளமளவென்று குறைந்துவிட்டது. இது மட்டும் இல்லை. காற்று கம்பியை உரசிக்கொண்டு போக வேண்டும். துளை சின்னதாக ஆக உரசல் அதிகமாகும். 1 பாஸ்கல் பலம் உள்ள காற்றுக்கு அந்த உரசலே பெரும் பாரம்.

கடையில் கிடைக்கும் கொசுவலையில் துளை சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். கம்பி மிக மெல்லியது என்பதால், புதிதாக இருக்கும்போது அது காற்றை ஓரளவு விட்டுவிடும். ஆனால் தூசியும் பஞ்சும் ஒட்ட ஒட்டத் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். அதனால்தான் பல ஆர்.வி.க்காரர்கள் இந்த இடத்தில் கொசுவலையைத் தவிர்த்து, 3 மில்லிமீட்டர் அளவுத் துளையுள்ள கம்பிவலையைப் போடுகிறார்கள். மண்குளவி 25 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதன் மார்பு 3 மில்லிமீட்டர் துளையில் நுழையாது. எலி, குருவி, இலை எதுவும் நுழையாது. குட்டிச் சிலந்தி மட்டும் நுழையும். அதை வலையால் தடுக்கப் பார்த்தால் காற்றும் நின்றுவிடும். ஆகவே அதற்கு வேறு வழி: வருடம் ஒருமுறை பர்னரைச் சுத்தம் செய்வது.

இழந்த காற்றைத் திரும்பப் பெற

3 மில்லிமீட்டர் வலையில் 56 சதவீதம்தான் திறப்பு என்றோம். மீதி 44 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியாதா? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மெல்லிய கம்பி. துளை அதே 3 மில்லிமீட்டர், கம்பி அரை மில்லிமீட்டர் என்றால் 3.5 × 3.5 = 12.25-ல் 9 பங்கு. இது சுமார் 73 சதவீதம். குளவிக்கு வழி பெரிதாகவில்லை; காற்றுக்குப் பெரிதாகிவிட்டது!

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. வலையைத் தட்டையாக ஒட்டாமல் பெட்டிபோல மடித்து வைப்பது. கிராதியின் திறப்பு 40 × 20 = 800 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான வலையும் 800 சதுர சென்டிமீட்டர்தான். 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியாக மடித்தால், நான்கு பக்கச் சுவர்களும் சேரும். சுற்றளவு 120, ஆழம் 5; 120 × 5 = 600. மொத்த வலை 1400 சதுர சென்டிமீட்டர். இதில் 56 சதவீதம் 784. கிட்டத்தட்ட பழைய 800 வந்துவிட்டது! பெட்டி வடிவத்துக்கு இடம் வேண்டும். பர்னரையோ சூடான குழாயையோ அது தொடவே கூடாது. கூரை மூடிக்குக் கீழே பெரும்பாலும் இதற்கு வசதி இருக்கும்.

வலையைப் பெரியவர்கள்தான் பொருத்த வேண்டும். முதலில் கேஸை மூடி, ஃபிரிட்ஜை அணைத்து, சூடு ஆறவிட வேண்டும். கிராதியைக் கழற்றிப் பழைய கூடு, சருகு, தூசியை எடுத்த பிறகு வலையைக் கிராதியின் உட்புறம் இறுக்கமாகக் கட்ட வேண்டும். பர்னரின் புகைக்குழாய் வாயில் கண்டதையும் செருகக் கூடாது. மறுபடி ஏற்றியதும் சுடர் நீலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணத்தில் மாதம் ஒருமுறை வலையை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் நல்லது. தூசி பிடித்த 3 மில்லிமீட்டர் வலை, சுத்தமான கொசுவலையைவிட மோசமாகிவிடலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு ஊதுவத்தி, உலோக டீ வடிகட்டி, மாவு சலிக்கும் சல்லடை, கொஞ்சம் கோதுமை மாவு, பக்கத்தில் அப்பா, அம்மா அல்லது அண்ணன், அக்கா.

காற்று அடிக்காத அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊதுவத்தியை ஏற்றச் சொல்லுங்கள். புகை நேராக எழும்பும். ஒரு சாண் உயரத்தில் சல்லடையைப் பிடியுங்கள். புகை எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு பக்கவாட்டில் பரவுகிறது என்று கவனியுங்கள். அடுத்து டீ வடிகட்டி. வித்தியாசம் தெரிகிறதா? கடைசியாக, சல்லடையை லேசாக நனைத்து, மாவைத் தூவித் துளைகளை அடைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். இப்போது புகை சல்லடையின் அடியிலேயே முட்டித் திரும்புவதைப் பார்க்கலாம். ஃபிரிட்ஜின் முதுகில் சூடான காற்று மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். துணி, காகிதம் போன்ற தீப்பிடிக்கும் பொருளை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

குளவி நம் எதிரியா?

இல்லவே இல்லை. மண்குளவி கையில் பிடித்து நசுக்கினால் ஒழியப் பொதுவாக யாரையும் கொட்டாது. அமெரிக்காவில் நீலநிற மண்குளவி ஒன்று உண்டு. நச்சுள்ள கரும் விதவைச் சிலந்தியையே வேட்டையாடித் தன் புழுவுக்குக் கொடுக்கும். அப்படிப்பட்ட உயிரை மருந்து அடித்துக் கொல்ல என்ன அவசியம்? மருந்து இன்றைய குளவியைக் கொல்லும். நாளைக்கு இன்னொன்று வரும். சரியான அளவு வலை இருந்தால் குளவி வந்து பார்க்கும், வழி இல்லை என்று தெரிந்து வேறு சுவர் தேடிப் போகும். அதற்கும் வீடு, நமக்கும் குளிர்ந்த பால்.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு வண்டியில் கிராதியின் திறப்பு 30 × 20 சென்டிமீட்டர். கையில் இருக்கும் வலையின் துளை 4 மில்லிமீட்டர், கம்பி 1 மில்லிமீட்டர். வலையைத் தட்டையாகக் கட்டினால் காற்றுக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் மிஞ்சும்? இழந்த காற்று முழுவதும் திரும்பக் கிடைக்க, வலையைக் குறைந்தது எத்தனை முழு சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியாக மடிக்க வேண்டும்?

விடை: 5 × 5 = 25-ல் 16 பங்கு, அதாவது 64 சதவீதம் திறப்பு. தட்டையாகக் கட்டினால் 600-ல் 384 சதுர சென்டிமீட்டர்தான் மிஞ்சும். 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மொத்த வலை 900, திறப்பு 576, போதாது. 4 சென்டிமீட்டர் ஆழத்தில் மொத்த வலை 1000, திறப்பு 640. ஆகவே 4 சென்டிமீட்டர். விடை சரியாக வந்தால், ஒரு ஃபிரிட்ஜையும் ஒரு குளவியையும் சேர்த்துக் காப்பாற்ற உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.